இறங்கக் கூடாத தட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில், கேரள எல்லையில் காரோடு, செங்கல் என்னும் இரண்டு ஊர்களுக்கு இடையில் இருக்கும் எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவில் நடந்தது இது. நடந்தது என்பதைவிட, நான் நடத்தி வைத்தது என்று சொல்வதுதான் சரி. மைக் என் கையில்தான் இருந்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாறசாலையில் பத்திரம் எழுதுகிறவன் நான். மலையாளத்தில் எழுதிவிட்டுத் தமிழில் அலுத்துக்கொள்கிற தொழில். ஐம்பதைத் தாண்டியாயிற்று. ஊர் வாசகசாலைக்குச் செயலாளர். அங்கே இருக்கும் புத்தகங்களில் பாதியைப் படித்திருக்கிறேன், மீதிப் பாதியைப் படித்ததாகச் சொல்லியிருக்கிறேன். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பதால் பார்க்கும்படியான ஒரு தொந்தியும் உண்டு. அதற்கு ஊரில் மரியாதைதான். "சாறு இப்ப ஆளு நல்லா எடுப்பாயிட்டாரு" என்பார்கள். சார் என்பது எங்கள் ஊர் வாயில் சாறு ஆகிவிடும். ஒரு ஆணுக்கு, அதுவும் வெள்ளை வேட்டி கட்டி நாலு பேருக்குக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டுகிற ஆணுக்கு, எங்கள் பக்கத்தில் தொந்தி என்பது ஒரு பதவி மாதிரி.

திருவிழா வந்தால் அறிவிப்பு எல்லாம் நான்தான். தொலைந்த செருப்பு, தொலைந்த பிள்ளை, அன்னதானத்துக்கு அரிசி தந்தவர் பெயர், எல்லாவற்றையும் தமிழில் ஒரு தடவை, மலையாளத்தில் ஒரு தடவை சொல்ல வேண்டும். நடுநடுவே கொஞ்சம் தமாசும் சொல்வேன். ஊர் கோவிலுக்கு வருவதே அதற்காகத்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

அன்றைக்குத் துலாபாரம். பெரிய தராசில் ஒரு தட்டில் ஆள் உட்கார, மறுதட்டில் அவர் எடைக்குச் சமமாகப் பழமோ வெல்லமோ வைத்துக் கடவுளுக்குக் கொடுக்கும் நேர்ச்சை. பெரிய கோவில்களில் பொருளை அவர்களே தயாராக வைத்திருப்பார்கள். எங்கள் கோவில் சின்னது. அவரவர் பழத்தை அவரவரே கொண்டு வர வேண்டும். ஒரு நியமமும் உண்டு. தட்டில் உட்கார்ந்துவிட்டால் இரண்டு தட்டும் சமமாகும் வரை இறங்கக் கூடாது. நடுவில் இறங்கினால் நேர்ச்சை முறிந்துபோகும், பிறகு முதலிலிருந்து செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். நாற்பதை நெருங்கும் வயது. களியக்காவிளைப் பக்கம் ஒரு அண்டி ஆபீசில் வேலை. முந்திரிப் பருப்பு உரித்துத் தரம் பிரிக்கும் ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கணவன் கொத்தனாருக்குக் கையாள். இரண்டு பிள்ளைகள். அதற்கு முந்தின வருடம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து, பிழைப்பாளா என்ற நிலைக்குப் போய்த் திரும்பியிருந்தாள். அப்போது கணவன் நேர்ந்துகொண்டது இந்தத் துலாபாரம். பாளையங்கோட்டான் வாழைப்பழம், ஐந்து குலை. அவனே தலைச்சுமையாகக் கொண்டு வந்து இறக்கினான்.

அவள் தட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஐந்து குலையும் மறுதட்டில் ஏறியது. தராசு அசையவில்லை. அவள் இருந்த தட்டு தரையைத் தொட்டபடியே இருந்தது. பூசை செய்யும் போற்றி கணவனைப் பார்த்தார். கணவன் குலைகளைப் பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்கு ஓடினான். முக்குக் கடையில் தொங்கிய ஒற்றைக் குலையும் வந்தது. போதவில்லை. யாரோ ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு களியக்காவிளைச் சந்தைக்குப் பறந்தார்.

அவர் திரும்பி வரக் கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் அவள் அந்தத் தட்டில், ஊரே பார்க்க, இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மைக் சும்மா இருப்பது எனக்குப் பொறுக்காது.

"பக்தர்கள் கவனத்துக்கு" என்று ஆரம்பித்தேன். "நம்ம ஊர்ல பழம் தீர்ந்துபோச்சு. களியக்காவிளைக்கு வண்டி போயிருக்கு. அங்கயும் தீர்ந்தா, பாளையங்கோட்டைக்கே ஆள் அனுப்பப் போறதா கமிட்டி தீருமானிச்சிருக்கு."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு கேட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது.

"மாப்பிள்ளையைக் குறை சொல்லப்பிடாது. அவரு கல்யாணத்தன்னைக்குக் கண்ட கணக்கில வாங்கியிருக்காராக்கும்."

பந்தல் குலுங்கியது. செண்டை மேளக்காரர்கள் கூடக் கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை நான் நன்றாகப் பார்த்தேன். பின்னால் பல மாதங்கள் அந்தச் சிரிப்புதான் எனக்கு நற்சான்றிதழாக இருந்தது.

ஏழாவது குலை ஏறியதும் தட்டு மெல்ல மேலே வந்தது. பெண்கள் குரவையிட்டார்கள். "ஏழு குலை!" என்று நான் மைக்கில் முழங்கினேன். "நம்ம கோவிலுக்க சரித்திரத்தில முதல் தடவையாக்கும்!"

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது என் மனைவி கேட்டாள். "அவளுக்க கண்ணைப் பாத்தியளா?"

"அவளே சிரிச்சாளே."

"சிரிச்சா. நானும் உங்களைக் கெட்டி இருவத்தஞ்சு வருசமா சிரிச்சுட்டுத்தான் இருக்கேன்."

நல்ல தமாசு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வருடம் மைக்கில் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன்.

பிறகு அவளுக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. ஏழு குலை. பஸ்சில் அவள் ஏறினால் பின்னாலிருந்து யாராவது, "எலே, தள்ளி இரியெலே, ஏழு குலை வருகு" என்பார்கள். பால் சொசைட்டியில் ஒருநாள் என் காதிலேயே விழுந்தது. மனதின் ஒரு மூலையில் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. நாம் சொன்ன ஒரு சொல் ஊரில் புழங்குகிறதே என்ற பெருமை.

ஓணம் கழிந்து ஒரு சனிக்கிழமை, வாசகசாலையில் மருத்துவ முகாம் நடத்தினோம். எடை, இடுப்பளவு, பிரஷர், சுகர் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். எங்கள் வார்டில் வீடு வீடாகப் போய்ச் சுகாதாரம் விசாரிக்கும் ஆஷா பணியாளர் அம்மாதான் ஏற்பாடு. சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர். அவர் குரலுக்கு ஊரில் யாரும் எதிர்ப்பாட்டுப் பாடியதில்லை.

தொடங்கி வைத்துப் பேசியது நான். படித்தவன் அல்லவா. "ஒரு காலத்தில ராஜாக்களுக்கும் ஜமீன்களுக்கும் வந்த வியாதிதான் இந்த உடம்பு வைக்கிறது. இன்னைக்கு நமக்கும் வந்திருக்குன்னா, நாடு முன்னேறியிருக்குன்னு அர்த்தம்" என்றேன். கைதட்டினார்கள். முதல் ஆளாக மெஷினில் ஏறியதும் நான்தான். நர்ஸ் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, எழுதுகிற பெண் அதைத் திருப்பிச் சொல்லி எழுதினாள். என் எண்ணைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. "சாறுக்கு உள்ளதுதானே" என்றார்கள். விரலில் குத்திப் பார்த்ததில் சுகரும் இருந்தது. அதையும் ஒரு பதவி உயர்வாக ஏற்றுக்கொண்டேன்.

ஆனால் எனக்குப் பின்னால் வரிசையில் வந்தவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு குழப்பம். ராஜாக்கள் யாரும் வரவில்லை. தொழிலுறுப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், மீன் விற்கிறவர்கள், தறி வேலைக்குப் பாலராமபுரம் போகிறவர், அண்டி ஆபீஸ்காரிகள். ரேஷன் அரிசியை நம்பி அடுப்பு மூட்டுகிறவர்கள்தான் அத்தனை பேரும். மெஷின் ஒவ்வொருவரையும், எடை கூடுதல், எடை கூடுதல் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நான் மேடையில் சொன்னதற்கும் இதற்கும் எங்கோ இடித்தது. பிறகு யோசிக்கலாம் என்று தள்ளிவைத்தேன்.

மதியத்துக்கு மேல் ஆஷா பணியாளர் பட்டியலோடு என்னிடம் வந்தார். வராதவர்களில் ஒரு பெயரின் மேல் விரலை வைத்தார்.

"இவ வரல்ல சாறே. மூணு மட்டம் வீட்டுக்குப் போனேன். மெஷினும் டேப்பும் கண்டா கதவை அடைச்சுப் போடுகா."

"அதென்ன அப்படியொரு பிடிவாதம்?"

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சாறுக்கு அறியாதோ? நீங்க வச்ச பேருதானே. ஆபீசில, பஸ்சில, பிள்ளையளுக்க பள்ளிக்கூடம் வரைக்கும் அந்தப் பேராக்கும். இனி செத்தாலும் ஒரு தட்டில ஏறமாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வச்சுச் சொல்லியிருக்கா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"காலில ஒரு புண்ணு உண்டு. ரெண்டு மாசமா தாங்கித் தாங்கி நடக்கா. எனக்குச் சுகருன்னு சம்சயம். நீங்க ஒருக்கா போய்ச் சொல்லுங்க. கெடுத்த வாய்தானே, அதே போய் நேராக்கட்டும்."

மறுநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் அடுக்களை வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கணவன் எர்ணாகுளம் பக்கம் ஒரு கட்டட வேலைக்குப் போயிருந்தான்.

"இரிங்க அண்ணா. மைனி, இங்கோட்டு இரிங்க" என்று நாற்காலியைத் தட்டிப் போட்டாள். வலது காலின் விரல்களைச் சுற்றி ஒரு பழைய துணி கட்டியிருந்தது.

வழியெல்லாம் நல்ல வாக்கியங்களாகச் சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "அன்னைக்குத் திருவிழாவில... நான் ஒரு தமாசுக்குச் சொன்னதுதான் பிள்ளே. நீயும் சிரிச்சியே."

கத்தி நின்றது. என்னைப் பார்த்து அவள் நிதானமாகச் சொன்னாள். "தட்டில இருந்து இறங்கப்பிடாதுல்லா அண்ணா. இறங்கினா நேர்ச்சை முறிஞ்சு போவும். எனக்க உயிருக்காக அவரு நேர்ந்தது. அழலாம்னா எனக்க பிள்ளைய ரெண்டும் முன்னாலேயே நிக்குது. பின்ன சிரிக்காம என்ன செய்ய?"

என் மனைவி தரையைப் பார்த்தாள். அந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். எனக்கோ வாய் ஓய்ந்தால் உடம்புக்கு ஆகாது. படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். அரிசியைக் குறைக்க வேண்டும், கீரையும் பழமும் மீனும் கூட்ட வேண்டும், காலையில் நடக்க வேண்டும் என்றேன்.

"நடக்கியதுக்கு எனக்கு பஸ் ஸ்டாப்பு வரை உண்டு அண்ணா, போக ஒரு மட்டம், வர ஒரு மட்டம். அண்ணன் எவ்வளவு நடப்பியோ?"

நான் ஸ்கூட்டரில் வந்திருந்தேன். நாலு வீடு தள்ளி.

"ஆபீசில காலத்த இருந்தா அந்திக்குத்தான் எழும்புவேன். உரிச்ச பருப்பை எடை போட்டாக்கும் சம்பளம். இடையில எழும்பினா எடை குறையும். வெள்ளம் குடிச்சா மூத்திரத்துக்கு எழும்பணும், அதுனால வெள்ளம் குடிக்கமாட்டேன். பதினோரு மணிக்கு வாசல்ல சாயா வரும். நல்லா சீனி போட்டு ரெண்டு குடிச்சா பசி அடங்கிடும். கூட ஒரு போண்டாவோ, பன்னோ."

"மத்தியானம்?"

"சோறு. நிறையச் சோறு. சோறுதானே இருக்கு." அவள் சிரித்தாள். "மீன் வாங்கினா நாலு துண்டு. அவருக்கு ரெண்டு, பிள்ளைக்கு ஒண்ணு ஒண்ணு. எனக்குக் குழம்புச் சாறு. ராத்திரி பிள்ளைய ரெண்டும் புரோட்டா வேணும்னு கிடந்து அழும், அதுகளுக்கு வாங்கிக் கொடுத்துட்டு மிச்சச் சோற்றை நான் தீர்ப்பேன். கீரையும் பழமும் நல்லதுன்னு எனக்கும் தெரியும் அண்ணா. ஏழு குலை பழம் நான் ஒண்ணாக் கண்டது அந்த ஒரு நாளாக்கும்."

நான் அவள் காலைக் காட்டினேன். "அது என்ன?"

"செருப்பு வார் உரசினது. ஆறாம கிடக்கு."

"வலி உண்டா?"

"முதல்ல உண்டாயிருந்து. இப்ப ஒண்ணும் அறியல்ல. அதொண்ணும் சாரமில்ல, சரியாப் போவும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. மெஷின் பேச்சை எடுத்தபோது மட்டும் அவள் முகம் அடைத்துக்கொண்டது. "அது மட்டும் சொல்லாதீங்க அண்ணா. வேற எது சொன்னாலும் கேக்கேன்." சரி, நாள் இருக்கிறது, மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்தேன். திரும்பும் வழியில் மனைவியிடம், "வலி இல்லையாம், அதுவரைக்கும் நல்லது" என்றேன். ஆஷா பணியாளரிடம் மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் அவசரமாக இருந்தது. பிறகு இன்னொன்று வந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில் பாறசாலைக்குக் கிளம்பிப் போகிறேன். பஸ் ஸ்டாப்பில் கூட்டம். ஸ்கூட்டரை ஓரம் கட்டும்போதே ஒரு பெண் கத்தினாள்.

"ஐயோ சாறே, ஓடி வாங்க! ஏழு குலை விழுந்துட்டா!"

அவள் பதறித்தான் கத்தினாள். கண்ணில் நீர் இருந்தது. கேலியே இல்லை. அந்த நேரத்திலும் அவள் வாயில் வந்தது நான் கொடுத்த பெயர்தான். விழுந்து கிடந்தவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அங்கே ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

தரையில் சரிந்து கிடந்தாள். உடம்பு தீயாகக் கொதித்தது. மூச்சு வேகமாக இழுத்தது. கண் திறந்திருந்தும் ஆளைத் தெரியவில்லை. நாலு பேராகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். தூக்கும்போது ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் முன்னால் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு ஏறினேன். நெய்யாற்றின்கரை அரசு ஆசுபத்திரிக்குப் போகும் அந்தத் தூரத்தை நான் ஆயிரம் தடவை கடந்திருப்பேன். அன்று போலத் தீராமல் நீண்டதில்லை.

அவசரப் பிரிவில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். மெஷினில் எண்ணே வரவில்லை. அதன் அளவையெல்லாம் தாண்டிவிட்டது என்பதற்கு HI என்று இரண்டே ஆங்கில எழுத்து காட்டியது. காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்ததும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். டாக்டர் ஒரு இளம்பெண். என் மகள் வயதுதான் இருக்கும். மலையாளத்தில் கேட்டார். இத்தனை நாள் இதை எப்படி விட்டீர்கள், வலி இல்லையா?

"இல்ல டாக்டர். வலியே இல்லை" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வேதன இல்லாத்ததாணு அசுகம்" என்றார். வலி தெரியாமல் போனதுதான் நோய். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டால் கால் வெந்தாலும் தெரியாது, முள் ஏறினாலும் தெரியாது. நான் நல்லது என்று வீட்டுக்குக் கொண்டு போன செய்தி அதுதான்.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். உடம்பில் ரத்தம் மிகவும் குறைவு. எனக்கு அது நுழையவில்லை. "இவ்வளவு உடம்பு இருக்கே டாக்டர்? சாப்பாட்டுக்குக் குறை இருக்கிற மாதிரி இல்லையே?" என்றேன். அவர் தாளை மடித்தபடி சொன்னார். "வயறு நிறையுந்நுண்டு. அத்ரயே உள்ளூ." வயிறு நிறைகிறது, அவ்வளவுதான்.

சாயங்காலம் அவளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. கணவன் பஸ் ஏறிவிட்டதாகப் போன் செய்திருந்தான், வந்து சேரவில்லை. மருந்தின் அளவை நிச்சயிக்க எடை வேண்டும் என்று ஒரு நர்ஸ் மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தார். பிடித்துக்கொள்கிறேன், ஒரு நிமிடம் நின்றால் போதும் என்றார். அவள் தலையை ஆட்டினாள். நர்ஸ் கெஞ்சினார், பிறகு அதட்டினார். அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும்.

"என்ன பிள்ளே, நல்லதுக்குத்தானே..." என்றேன் நான், தலைமாட்டில் நின்றபடி.

அவள் நர்ஸைப் பார்த்து, கேட்டும் கேட்காத குரலில் சொன்னாள். "அண்ணன் நிக்காரு, சிஸ்டரே."

நர்ஸ் திரும்பி என்னைப் பார்த்தார். நான் யார் என்று கேட்டார். அண்டை வீடு என்றேன். உண்மையான பதிலைச் சொல்ல மலையாளத்திலும் எனக்கு வார்த்தை இருந்தது, தமிழிலும் இருந்தது. சொல்ல முடியவில்லை. "சேட்டன் ஒந்நு புறத்து நில்க்கணே" என்றார் நர்ஸ். வெளியே போய் நின்றேன்.

வராந்தாவில் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே மெஷினில் அவள் காலை வைக்கும் சத்தம் கேட்டது. அதற்கடுத்து நர்ஸ் அந்த எண்ணை, அறையின் மறுகோடியில் எழுதிக்கொண்டிருந்த இன்னொரு நர்ஸுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். தொந்தியும் தலை நரையுமாக ஒரு பெரிய மனிதன் ஆசுபத்திரி வராந்தாவில் காதைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். அந்த எண் எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் கணவனிடம் சொன்னார். ஒரு வாரம் என்ற கணக்கைக் கேட்டதும் எனக்கு அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரம் நினைவுக்கு வந்தது. நான் போய் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டவை மூன்று வாரங்கள். அந்த இரண்டு விரல்களில் ஒன்றையாவது நான் தடுத்திருக்கலாமோ என்று டாக்டரிடம் கேட்க நினைத்தேன். பதில் தெரிந்துவிடுமோ என்று பயந்து கேட்கவில்லை.

நாலு மாதம் கழித்து அவள் அதே அண்டி ஆபீசுக்கே திரும்பிப் போனாள். எங்கள் பக்கத்தில் வேறு என்ன வேலை இருக்கிறது? சாயாவில் சீனி போடுவதில்லை. மணிக்கு ஒருதரம் எழுந்து நிற்கிறாள், அதற்கு எடை குறைந்தால் குறையட்டும் என்று கணவன் சொல்லிவிட்டான். மீன் வாங்கும் நாளில் துண்டுகளைப் பங்கு வைப்பது இப்போது அவன்தானாம். இதை என் மனைவி சொன்னாள். அவள் அங்கே அடிக்கடி போய் வருகிறாள். நான் போவது குறைவு.

கோவில் மைக்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். இதில் தியாகம் ஒன்றுமில்லை. கூட்டம் சிரிக்கத் தொடங்கினால் நான் எங்கே போய் நிற்பேன் என்பது எனக்கே தெரியாது, அந்தப் பயம்தான். அந்தப் பெயர் ஊரிலிருந்து போய்விட்டதா என்றால், முழுதாகப் போகவில்லை. ஒரு பெயரை வைக்க அரை நிமிடம் போதும். அதை எடுக்க நான் யார் யாரிடமோ, பஸ் ஸ்டாப்பிலும் சாயாக்கடையிலும் பால் சொசைட்டியிலும் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "சாறு வச்சதுதானே" என்கிறார்கள்.

மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர்காரர்களுக்கு மருந்து தருவார்கள். அவளும் வருவாள், நானும் போவேன். அங்கேயும் எடையை ஊரறியச் சொல்லித்தான் எழுதினார்கள். அதை நிறுத்த வேண்டும் என்று ஆஷா பணியாளரிடம் போய் நின்றேன். "சாறுக்கு இப்பதான் சுபோதம் வந்து கண்ணு தெறந்ததாக்கும்" என்றார். ஆனால் கூடவே வந்து மெடிக்கல் ஆபீசரிடம் பேசினார். இப்போது எடை பார்ப்பது ஒரு திரைக்குப் பின்னால். எண்ணை யாரும் வாயால் சொல்வதில்லை. சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கதவை அடைத்துக்கொண்டிருந்த இன்னும் சில பெண்களும் வரத் தொடங்கியிருக்கிறார்கள் என்று ஆஷா பணியாளர் சொன்னார்.

திரை இருந்தும், தன் முறை வரும்போது அவள் திரும்பி என்னைப் பார்க்கிறாள். "அண்ணா, ஒருக்கா வெளிய நில்லுங்க" என்கிறாள். கோபமில்லை, விளையாட்டும் இல்லை. நான் எழுந்து முற்றத்துக்குப் போகிறேன். வரிசையில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். வெயிலில் நிற்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில் எனக்குள் ஓடுவது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். பசித்தவர் மெலிந்திருப்பார், தடித்தவர் தின்று தீர்த்தவர் என்று அத்தனை புத்தகங்களுக்கு நடுவே இருந்துகொண்டு நம்பினேனே, நாலு வீடு தள்ளி ஒருத்தி வெறும் சோற்றாலும் சீனியாலும் வயிற்றை அடைத்துக்கொண்டு, ரத்தமில்லாமல், கால் செத்துக்கொண்டு இருந்ததை என் கண்ணால் பார்த்தும் எனக்குத் தெரியவில்லையே என்பது. அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று இதுவரை கேட்டதில்லை, கேட்கப் போவதும் இல்லை. மாதம் ஒருமுறை அவள் உள்ளே அந்த மெஷினில் ஏறி நிற்பதற்கு நான் வெளியே நிற்க வேண்டும் என்றால், நிற்பதற்கு எனக்கு இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை.